சின்ன ரிவால்வரை உறுத்தாமல் உடம்போடு வைத்துக்கொள்வது எப்படி? உறை முதல் உடை வரை

சின்ன ரிவால்வர் வாங்குபவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கூடவே வைத்திருக்க வசதி. புதிதில் நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரிவார்கள். கொஞ்ச நாளில் அது அலமாரிக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால் "இடுப்பில் குத்துது", "உட்கார முடியல", "பாக்கெட் தொங்குது" என்பார்கள். பிறகு இன்னும் சின்னதாக, இன்னும் இலேசாக ஒன்றைத் தேடிப் போவார்கள். பல நேரம் குறை துப்பாக்கியில் இருக்காது. பெல்ட்டில் இருக்கும், உறையில் இருக்கும், அது உடம்பில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கும்.

உரிமம் உள்ளவர்களுக்கும், துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லச் சட்டம் இடம் கொடுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கும்தான் இந்த வழிகாட்டி. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேறு, அதை உடைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே நடமாட அனுமதி வேறு. பல இடங்களில் இரண்டும் தனித்தனி. அனுமதி இருந்தாலும் நுழையக்கூடாத இடங்கள் உண்டு. அவை எவை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் போகும் வழியில் அப்படி ஓர் இடம் இருந்தால், எந்த உறை வாங்குவது என்பதே மாறிவிடும்.

படி 1: கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

இந்தக் குடும்பத்தின் மூத்தவர் 1927-இல் வந்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல். 2 அங்குலக் குழல், 6 தோட்டா. 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற 5 தோட்டா ரிவால்வரைக் கொண்டுவந்தது. ஒரு தோட்டா குறைந்ததால், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையான சிலிண்டர் மெலிந்தது. 'ஜே ஃபிரேம்' என்று இன்று எல்லோரும் சொல்லும் அளவு அங்கே தொடங்கியதுதான். சந்தையில் கிடைக்கும் சிறிய ரிவால்வர் உறைகளில் பெரும்பகுதி இந்த அளவுக்கே தைக்கப்படுகிறது. அதனால் உங்களுடையது ஜே ஃபிரேமா, அதற்கு நெருங்கிய அளவா, முற்றிலும் வேறா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று விற்கப்படும் துணி உறை பெரும்பாலும் எதற்குமே சரியாகப் பொருந்தாது.

அடுத்தது எடை. முழு எஃகு ஜே ஃபிரேம் சுமார் 550 கிராம் இருக்கும். அலுமினியச் சட்டம் (மற்ற பாகங்களைத் தாங்கும் உடல்பகுதி) கொண்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்றவை ஏறக்குறைய 400 கிராம். 2009-இல் அறிமுகமான ரூகர் எல்சிஆர் 380 கிராம் அளவில் வரும். ஸ்காண்டியம் கலந்த சட்டமும் டைட்டானியம் சிலிண்டரும் உள்ள ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 340பிடி 330 கிராமைச் சுற்றி நிற்கும். எஃகில் தடிமனாகச் செய்த ரூகர் எஸ்பி101 ஏறத்தாழ 700 கிராம். இவையெல்லாம் காலித் துப்பாக்கியின் எடை. ஐந்து .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் போட்டால் இன்னும் 70, 75 கிராம் கூடும்.

இலேசானதே நல்லது என்று கடையில் தோன்றும். சுட்டுப் பார்த்தால்தான் மறுபக்கம் தெரியும். 330 கிராம் துப்பாக்கியில் .38 ஸ்பெஷலைவிட வலுவான .357 மேக்னம் தோட்டாவைச் சுட்டால் உள்ளங்கையில் விழும் அடிக்குப் பயந்தே பலர் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அதோடு, மிக இலேசான ரிவால்வர் பின்னால் உதைக்கும் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் ஈயமுனை அதன் உலோகக் கூட்டிலிருந்து முன்னால் நழுவி சிலிண்டரைச் சுழலவிடாமல் சிக்க வைக்கவும் கூடும். எந்தத் தோட்டா போடலாம், எது கூடாது என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பதை மீறாதீர்கள்.

என் கணக்கு எளிது. பெல்ட்டில் மாட்டப் போகிறீர்கள் என்றால் எஃகையே வாங்குங்கள். நல்ல பெல்ட்டில் 150 கிராம் வித்தியாசம் உடம்புக்குத் தெரியாது, சுடும்போது கைக்குத் தெரியும். பாக்கெட்டிலோ கணுக்காலிலோ என்றால் அலுமினியம். அங்கே ஒவ்வொரு கிராமும் தொங்கும்.

சுத்தியையும் கவனியுங்கள், தோட்டாவை வெடிக்க வைக்கும் அடியைக் கொடுக்கும் பாகம் அது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி பாக்கெட்டின் விளிம்பிலும் சட்டைத் துணியிலும் மாட்டும். சட்டத்துக்குள்ளேயே சுத்தி மறைந்திருக்கும் வகையில் மாட்டுவதற்கு எதுவும் இல்லை. பாக்கெட்டுக்கு இரண்டாவது வகைதான் சரி. இருப்பது முதல் வகை என்றால், எடுக்கும்போது கட்டைவிரலைச் சுத்தியின் மேல் மூடி வைத்து எடுக்கப் பழகுங்கள். உறையில் திரும்ப வைக்கும்போதும் அதே இடத்தில் விரல் இருக்கட்டும். ஏதோ ஒன்று டிரிகரை அழுத்தினால் சுத்தி பின்னால் நகர்வதை விரல் உடனே உணரும். மறைந்த சுத்தியில் இந்த எச்சரிக்கை கிடைக்காது. அதற்காக ஒன்றைவிட்டு மற்றொன்றை வாங்கச் சொல்லவில்லை, எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள்.

பிடி சின்ன விஷயம் மாதிரி தோன்றும். ஆனால் துப்பாக்கி வெளியே துருத்திக்காட்டுவதில் பெரும்பங்கு அதற்குத்தான். ரப்பர் பிடி கைக்கு இதம், ஆனால் சட்டையின் உள்துணியைப் பற்றி இழுத்துக்கொண்டே இருக்கும். வழவழப்பான மரப்பிடியில் துணி வழுக்கிப் போகும். மிகக் குட்டையான பிடி நன்றாக மறையும், சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. இதில் எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. சுடுதளத்தில் பிடித்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

படி 2: உங்கள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

எத்தனை மணி நேரம் நாற்காலியில்? எத்தனை மணி நேரம் வண்டி இருக்கையில்? குனிந்து தூக்கும் வேலையா? சட்டையை உள்ளே விட்டுத்தான் ஆகவேண்டிய இடமா? குழந்தையைத் தூக்குவீர்களா, எந்தப் பக்க இடுப்பில்? பெல்ட் கட்ட முடியாத உடை எத்தனை நாள்?

இதைச் செய்யாமல் உறை வாங்குவதால்தான் வீட்டில் பயன்படாத உறைகள் ஒரு டப்பா நிறையச் சேர்கின்றன. நின்றபடியே வேலை செய்பவருக்குச் சொர்க்கமாக இருக்கும் இடுப்புப் பின்பக்கம், நாள் முழுக்க வண்டி ஓட்டுபவருக்குத் தண்டனை.

படி 3: எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாதது

டிரிகர் வளையம் முழுவதையும் கெட்டியான ஒரு பொருள் மூடியிருக்க வேண்டும். வசதி, மறைவு, வேகம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ரிவால்வரின் இரட்டைச் செயல் டிரிகரை (ஒரே இழுப்பில் சுத்தியைப் பின்னால் தள்ளி விடுவிப்பது) இழுக்க ஏறக்குறைய 5 கிலோ விசை வேண்டும். அதனால் உறையே வேண்டாம், அப்படியே பாக்கெட்டில் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பாக்கெட்டில் ஒரு சாவியோ பேனாவோ வளையத்துக்குள் நுழைந்து, அதன் மேல் உங்கள் உடம்பின் எடை சாய்ந்தால் 5 கிலோ பெரிய விஷயமே இல்லை. உறையில்லாமல் இடுப்பில் செருகுவது அதைவிட மோசம். நடக்க நடக்கச் சரிந்து கால்சட்டைக்குள் இறங்கும். அதைப் பிடிக்கக் கை பதறிப் போகும்போது விரல் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விழும் துப்பாக்கியைப் பாய்ந்து பிடிக்காதீர்கள், விழட்டும். நல்ல நிலையில் உள்ள இன்றைய ரிவால்வர்களில், டிரிகரை இழுக்காதவரை சுத்தியின் அடி தோட்டாவில் படாமல் தடுக்கும் பாகம் உள்ளேயே இருக்கிறது. மிகப் பழைய ரிவால்வர்கள் எல்லாவற்றிலும் அது இருக்காது. தாத்தா காலத்துத் துப்பாக்கி என்றால், விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே தோட்டா போட்டுச் சுமப்பதைப் பற்றி யோசியுங்கள்.

நல்ல உறைக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. குதித்தாலும் குனிந்தாலும் துப்பாக்கியை விடக்கூடாது. துப்பாக்கியை உருவும்போது உறை இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும், கூடவே வரக்கூடாது.

படி 4: உடம்பில் எங்கே?

*முன் பாக்கெட்.* சின்ன ரிவால்வருக்கென்றே அமைந்த இடம் இது. சிலிண்டர் நடுவில் 33 மில்லிமீட்டர் அளவுக்குப் புடைத்தாலும் முன்னும் பின்னும் வளைந்து மெலிவதால், துணிக்கு அடியில் அது துப்பாக்கி மாதிரி தெரியாது, ஏதோ ஒரு பொருள் மாதிரிதான் தெரியும். தட்டையான பிஸ்டல் பாக்கெட்டில் கோடு போட்டாற்போல் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு வசதி: யாருக்கும் சந்தேகம் வராமல் பாக்கெட்டில் கை விட்டபடியே நிற்கலாம்.

பாக்கெட் உறை கட்டாயம். அதன் வெளிப்பக்கம் சொரசொரப்பாகவோ கொக்கி போன்ற வளைவுடனோ இருந்தால், எடுக்கும்போது துணியில் மாட்டித் தங்கிவிடும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது. சில்லறை, சாவி, கைக்குட்டை எல்லாம் மறுபக்கம் போகட்டும். கால்சட்டை வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: பாக்கெட்டின் வாய், துப்பாக்கியைப் பிடித்த கை தடையில்லாமல் வெளியே வரும் அளவுக்கு அகலமா? உள்துணி கெட்டியா? உள்துணி மெல்லியதென்றால் தையல்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மறைப்பில் அதைவிடச் சிக்கனமான முன்னேற்றம் வேறில்லை. பாக்கெட் ஆழமாக இருந்தால் துப்பாக்கி அடியில் கிடந்து தொடையில் அடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் மேலே தைத்துச் சுருக்கச் சொல்லுங்கள்.

இதன் குறையும் பெரிதுதான். உட்கார்ந்திருக்கும்போது எடுப்பது கடினம், இருக்கைப் பட்டை கட்டியிருந்தால் கிட்டத்தட்ட முடியாது. இன்னொரு கையால் எட்டவும் முடியாது. நாளில் பாதி வண்டியில் போகிறது என்றால் பாக்கெட் உங்களுக்கானது இல்லை.

*இடுப்பு, உடைக்குள்ளே, பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னால்.* உடம்பை மேலிருந்து பார்த்தால் கடிகாரம் என்று வைத்துக்கொண்டு, தொப்புளை 12 என்பார்கள். வலக்கைக்காரருக்கு 3 மணி நேராக இடுப்பெலும்பின் மேல். அங்கேதான் சிலிண்டர் குத்தும். 'இடுப்பில் வைத்தால் வலிக்கிறது' என்பவர்களில் பலர் உறையை அந்த எலும்பின் மேலேயே மாட்டியிருப்பார்கள். இரண்டு விரல் பின்னால் தள்ளி, மூன்றரைக்கும் நான்குக்கும் நடுவே எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் வையுங்கள். பிடி முன்னோக்கி 15 டிகிரி அளவு சாய்ந்திருந்தால் குனியும்போது சட்டையைத் தூக்காது. கால்சட்டை இடுப்பளவு ஒன்று கூடுதலாக வேண்டியிருக்கும். அதை வாங்காமல் பழைய கால்சட்டையிலேயே திணித்துவிட்டு உறையைத் திட்டுவது நியாயமில்லை.

இடுப்புக்கும் இடைக்கும் வளைவு அதிகமுள்ள பெண்களுக்கு இதே உறை பிடியை விலாவில் கொண்டுபோய்க் குத்தும். அவர்களுக்கு உறையின் மேல்பகுதியை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தும் அமைப்பு வேண்டும், அல்லது முன்பக்கம் வர வேண்டும்.

*வயிற்றின் முன்பக்கம், ஒரு மணி இடம்.* மறைப்பிலும் எடுக்கும் வேகத்திலும் இதற்கு நிகர் குறைவு. உட்கார்ந்திருந்தாலும் எட்டும், இரண்டு கைக்கும் எட்டும். குழல் குட்டையாக இருப்பதால் தொடையில் இடிக்காது. ஆனால் இங்கே குழலின் வாய் எங்கே பார்க்கிறது என்று யோசியுங்கள். தொடையின் பெரிய ரத்தக்குழாய் இருக்கும் பக்கம். எடுக்கும்போது பெரும்பாலும் ஆபத்து இல்லை, திரும்ப வைக்கும்போதுதான். அவசரம் வேண்டாம். சட்டையை நன்றாக விலக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, இடுப்பை முன்னால் தள்ளி, குழல் உடம்பிலிருந்து விலகிப் பார்க்கும்படி மெதுவாக வையுங்கள். அதுவும் பயமாக இருந்தால் உறையைத் தனியாகக் கழற்றி, துப்பாக்கியை அதில் வைத்து, பிறகு உறையோடு சேர்த்து இடுப்பில் மாட்டுங்கள். புதியவர்கள் பல மாதம் இப்படியே செய்தாலும் தப்பில்லை.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். குட்டைக் குழல் ரிவால்வருக்குக் குட்டையான உறைதான் வசதி என்று தோன்றும். உண்மை தலைகீழ். பிடியும் சிலிண்டரும் பெல்ட்டுக்கு மேலே கனமாக நிற்க, கீழே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் மேல்பகுதி வெளியே சாயும். குழலைவிட இரண்டு மூன்று விரல் நீளமான உறை, படகின் அடிக்கட்டை போலக் கீழே உடம்போடு அழுந்தி மேல்பகுதியை உள்ளே தள்ளும். உறையின் அடிநுனியில் உடம்புப் பக்கம் ஒரு பஞ்சு ஆப்பு ஒட்டினாலும் இதே பலன். தொந்தி உள்ளவர்களுக்கு இந்த ஆப்பு கிட்டத்தட்ட மந்திரம்.

*பெல்ட்டுக்கு வெளியே.* எல்லாவற்றையும்விட உடம்புக்கு இதம் இதுதான். மேலே கோட்டோ நீளமான சட்டையோ வேண்டும். அதைக் கழற்ற முடியாத நாளில் வியர்வையோடு உட்கார வேண்டியதுதான்.

*கணுக்கால்.* காவல்துறையினர் இரண்டாவது துப்பாக்கிக்காக நெடுங்காலமாகப் பயன்படுத்தும் இடம். உட்கார்ந்தே இருப்பவருக்கும் ஓட்டுநருக்கும் நன்றாக எட்டும். வலக்கைக்காரர் இடது காலின் உட்பக்கம் கட்டுவது வழக்கம். கெண்டைக்காலைச் சுற்றிய மேல்பட்டை இல்லாத உறை மாலைக்குள் பாதம் வரை இறங்கிவிடும். நிறைய நடப்பவர்களுக்கு வேண்டாம்.

*வயிற்றுப்பட்டை.* பெல்ட் கட்டாத உடைக்கு இதுதான் வழி. வெறும் எலாஸ்டிக் பை மட்டும் உள்ளதை ஒதுக்குங்கள், டிரிகரை மூடும் கெட்டியான கூடு தைத்திருப்பதை எடுங்கள்.

*தோள் உறை* சினிமாவில் அழகு. படுக்கை வாட்டில் வைக்கும் வகையில் குழல் நாள் முழுக்கப் பின்னால் நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். *முதுகின் நடுவே* வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வழுக்கி மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே அரைக்கிலோ இரும்பு இருக்கும். *கைப்பை*யும் கடைசி வழிதான். பை திருடு போனால் துப்பாக்கியும் போகும். நாற்காலியில் மாட்டிவிட்டு எழுந்து போனால் அடுத்து அதைத் திறப்பது ஒரு குழந்தையாக இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால், துப்பாக்கிக்கெனத் தனி அறையும் கெட்டியான உறையும் உள்ள பையை உடம்பின் குறுக்கே மாட்டி, இறக்கி வைக்காமல் இருங்கள்.

படி 5: பெல்ட்டையும் உறையின் பொருளையும் தேர்ந்தெடுத்தல்

உறைக்கு முன் பெல்ட் வாங்குங்கள். சாதாரண மெல்லிய பெல்ட் எடையில் முறுக்கி மடங்கும், துப்பாக்கி வெளியே தலைசாய்க்கும், அதை உள்ளே இழுக்க நீங்கள் பெல்ட்டை இறுக்குவீர்கள், வயிறு வலிக்கும். சுமார் 38 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு அடுக்குத் தோல், அல்லது நடுவே விறைப்பான பிளாஸ்டிக் பட்டை வைத்தது போதும். வாங்கும்போது பெல்ட்டைப் பக்கவாட்டில் முறுக்கிப் பாருங்கள், சுலபமாகத் திரும்பக் கூடாது. உறையின் கொக்கி அதே அகலத்துக்கு இருக்கட்டும். தளர்வாக இருந்தால் உறை பெல்ட்டின் மேல் ஊஞ்சலாடும்.

தோல் உறை உடம்போடு பழகும், சத்தம் போடாது, வியர்வையை உறிஞ்சும். உறிஞ்சிய வியர்வையைத் துப்பாக்கிக்கும் கொடுக்கும். தோல் நொய்ந்து உறையின் வாய் உள்நோக்கி மடிய ஆரம்பித்தால் அன்றே தூக்கிப் போடுங்கள். மடிந்த தோல் டிரிகர் வளையத்துக்குள் நுழையக்கூடியது. கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை மடியாது, நனையாது, ஆனால் விளிம்பு தோலில் உரசும். உடம்புப் பக்கம் கொஞ்சம் உயரமாக நிற்கும் மடிப்பும் மழுங்கிய விளிம்பும் உள்ளதை வாங்கினால், உள்ளே ஒரு பனியன் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீரும்.

படி 6: உடை

அடர்நிறமும் கட்டமோ பூவோ போட்ட துணியும் புடைப்பை மறைக்கும். வெளிர்நிற ஒற்றை வண்ணமும் உடம்போடு ஒட்டும் பின்னல் துணியும் காட்டிக்கொடுக்கும். நின்றால் மறைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், மேல் அலமாரிக்குக் கை தூக்கிப் பாருங்கள். அதைவிடப் பெரிய காட்டிக்கொடுப்பு உங்கள் கைதான். அடிக்கடி தொட்டுப் பார்ப்பதும் சட்டையை இழுத்துவிடுவதும் எந்தப் புடைப்பையும்விட வேகமாகக் கண்ணில் படும்.

படி 7: வீட்டில் ஒத்திகை

சிலிண்டரைத் திறந்து காலி செய்யுங்கள். தோட்டா இருக்கும் குழிகள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். உண்மைத் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். பயிற்சிக்கென விற்கும் போலித் தோட்டாக்கள் ஐந்தைப் போட்டுக்கொள்ளுங்கள், எடையில் ஓரளவாவது உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

அப்படியே ஒரு முழு நாள் வீட்டில் இருங்கள். தாழ்வான இருக்கையில் உட்காருங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள், செருப்பு வார் கட்டுங்கள், நிறுத்திய வண்டியில் ஏறிப் பட்டை போடுங்கள். கழிப்பறைக்கும் போய் வாருங்கள். இதை யாரும் பேசுவதில்லை, ஆனால் பொதுக் கழிப்பறையில் துப்பாக்கியை மேடையில் வைத்துவிட்டு மறந்து போவது உலகெங்கும் நடக்கிறது. உறையிலிருந்து எடுக்காமல், கால்சட்டை முட்டிக்கு மேலேயே இருக்கும்படி சமாளிக்கும் முறையை வீட்டிலேயே கண்டுபிடியுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் அசௌகரியம் சகஜம், புதுச் செருப்புக்கும் அது உண்டு. ஒரே புள்ளியில் தோல் சிவந்தாலோ கால் மரத்தாலோ மட்டும் அது பழக்கக் குறை இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் இடத்தை அரை அங்குலம், அடுத்து சாய்வு, அடுத்து உயரம். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போகும். எடுத்துப் பழகுவதையும் இதே காலித் துப்பாக்கியில், பாதுகாப்பான ஒரு திசை பார்த்து, மெதுவாகச் செய்யுங்கள். உண்மைத் தோட்டாவோடு சுடுதளத்தில், பயிற்சியாளர் முன்னிலையில்.

படி 8: உபரித் தோட்டாவும் பராமரிப்பும்

வட்டமான ஸ்பீட்லோடர் வேகமானது, ஆனால் பாக்கெட்டில் பந்து மாதிரி நிற்கும். ரப்பர் பட்டையில் தோட்டாக்களை வரிசையாகச் செருகும் ஸ்பீட் ஸ்ட்ரிப் மெதுவானது, தட்டையாகப் படுத்துவிடும். வசதிதான் அளவுகோல் என்றால் பட்டையே போதும். துப்பாக்கி இல்லாத பக்கப் பாக்கெட்டில் வையுங்கள்.

பாக்கெட்டிலும் கணுக்காலிலும் இருக்கும் ரிவால்வரில் பஞ்சும் தூசும் சேரும். சிலிண்டரின் பின்புறம் காலித் தோட்டாக்களைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் குப்பை புகுந்தால் சிலிண்டர் இறுகிச் சுழலாமல் நிற்கும். வாரம் ஒருமுறை காலி செய்து, பழைய பல்துலக்கும் பிரஷால் அந்த இடத்தையும் குழலின் வாயையும் தட்டிவிடுங்கள். வியர்வை படும் இடத்தில் வைப்பவர்கள் இரவில் ஒரு எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். அலுமினியச் சட்டமுள்ள ரிவால்வரிலும் திருகுகளும் உள்பாகங்களும் எஃகுதான், துரு அங்கேதான் பிடிக்கும். கைடெக்ஸ் உறையின் திருகுகள் நடக்க நடக்கத் தளரும். துடைக்கும் அதே நாளில் அவற்றையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள், அடிக்கடி கழன்றால் திருகுப் பசை ஒரு சொட்டு விடுங்கள்.